இரண்டு டொலர் பூட்டு

என்னிடம் இருப்பது ஒரேயொரு ரிவோல்வர். அதுவும், சேகரிப்பாளர்கள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்லித் திருப்பித் தரும் வகை. முதலாம் உலகப் போரின்போது ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் பிரித்தானிய இராணுவத்துக்காகச் செய்த .455 ரிவோல்வர் அது. பின்னாளில் யாரோ அதன் உருளையைக் கடைந்து வேறொரு ரவை போகும்படி மாற்றியிருக்கிறார்கள். சுடுவதற்காக நான் அதை வாங்கவில்லை. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் முடியவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானேடா உன்னை அங்கை அனுப்பினனாங்கள். அங்கை போய்க் காசு குடுத்து வாங்கினனியோ?" என்றார் தொலைபேசியில்.

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை.

இந்த விஷயத்துக்குள் நான் வந்தது வேலையால். மேற்படிப்பு முடித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் பழைய தரவுத்தளங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் ஆலோசகனாக அலைந்த காலம். ஒரு அலுவலகத்தில் ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த அமெரிக்கர் ஒருவர், என் வேலையை இரண்டு வாரம் கவனித்துவிட்டு, தன் வீட்டிலும் மாற்றவேண்டிய "தரவு" கொஞ்சம் இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் நாற்பது வருடக் குறிப்பேடுகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ரிவோல்வரின் இலக்கம், குழலின் நீளம், மேற்பூச்சு, எங்கே பார்த்தது, யார் விற்றது. பெரும்பாலானவை அவருடையவை அல்ல. அமெரிக்கா முழுவதும் கண்காட்சிகளில் கண்டதை எழுதி வைத்திருந்தார். எல்லாமே பெரிய சட்டகத்து ரிவோல்வர்கள்.

சட்டகம் என்பது குழலையும் உருளையையும் விசையையும் தாங்கும் எலும்புக்கூடு. நடுத்தர அளவுக்கு 'கே', பெரிதுக்கு 'என்' என்று ஸ்மித் அன்ட் வெசன் எழுத்துகள் வைத்திருக்கிறது. காவற்காரர்களும் கடைக்காரர்களும் வாங்கியது சிறியதையும் நடுத்தரத்தையும்தான். பெரியது கனமானது, விலை கூடியது, இடுப்பில் நாள் முழுக்கக் கிடந்தால் முதுகு நோகும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே குறைவாக விற்றது. அரிதாகக் கிடைப்பதற்கு இது முதற் காரணம். ஆனால் நண்பரின் குறிப்பேடுகளைத் தட்டச்சுச் செய்யச் செய்ய எனக்குத் தெரிந்தது, சுவையான காரணங்கள் வேறு என்பது.

கதை தொடங்குவது 1908இல். அதற்கு முன்னரும் இந்த நிறுவனம் பெரிய ரிவோல்வர்கள் செய்ததுண்டு. 1870களில் ரஷ்யப் பேரரசுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் அனுப்பியது. அவை நடுவில் மடிந்து திறக்கும் வகை. 1908இல் வந்தது உருளை பக்கவாட்டில் வெளியே வரும் வகை. கம்பியொன்றை அழுத்தினால் வெறுங்கோதுகள் எல்லாம் ஒன்றாகக் கழன்று விழும். பழைய ரஷ்ய ரவையைச் சற்று நீட்டி .44 ஸ்பெஷல் என்ற புதிய ரவையையும் அதற்கென்றே செய்தார்கள்.

இப்படி வெளியே வரும் உருளையை, மூடியதும் அசையாமல் பிடித்து வைப்பதுதான் சவால். சாதாரணமாக இரண்டு இடத்தில் பூட்டுவார்கள்: உருளையின் பின்புறம் ஒன்று, கம்பியின் முன்நுனியில் ஒன்று. 1908இன் ரிவோல்வரில் மூன்றாவது பூட்டொன்றை வைத்தார்கள், உருளையைத் தாங்கும் கை சட்டகத்தைத் தொடும் இடத்தில். கம்பி வளையாமலிருக்கக் குழலின் கீழே அதற்கொரு உறையும் செய்தார்கள். கடிகாரம் செய்பவர்களின் வேலை போன்ற நுணுக்கம் அது. நண்பர் ஒருமுறை தன்னுடையதை என் கையில் தந்து, மெதுவாக மூடு என்றார். சத்தமே கேட்கவில்லை. உலோகம் உலோகத்துக்குள் போய் அமர்ந்தது விரலுக்கு மட்டும் தெரிந்தது. சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'ட்ரிபிள் லாக்', மூன்று பூட்டு.

விலை 21 டொலர். வாங்க ஆளில்லை. அந்த மூன்றாவது பூட்டு அவசியமா என்று கேட்டால், இல்லை. இரண்டு பூட்டோடு பிறகு வந்தவை நூறு வருடமாக ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. 1915இல் மூன்றாவது பூட்டையும் கம்பி உறையையும் எடுத்துவிட்டார்கள். விலை 19 ஆனது. ஏழு வருடத்தில் .44 அளவில் செய்தவை சுமார் 15,000 மட்டும். இன்று ஆட்கள் தேடி அலைவது அந்த இரண்டு டொலரைத்தான்.

இதற்குள் போர் வந்துவிட்டது. பிரித்தானிய அதிகாரிகளுக்குக் கொடுக்க பர்மிங்காமின் வெப்லி நிறுவனத்தால் மட்டும் போதிய அளவு ரிவோல்வர் செய்ய முடியவில்லை. அமெரிக்கா அப்போது போரில் இல்லை; ஆனால் தொழிற்சாலைகள் இருந்தன. பிரித்தானியாவின் .455 ரவைக்கு ஏற்ப ஸ்ப்ரிங்பீல்டில் செய்து அனுப்பினார்கள். முதல் 5,000 அளவில் மூன்று பூட்டுள்ளவை. பதுங்குகுழிச் சேறு அந்த நுணுக்கமான பூட்டுக்குள்ளும் உறைக்குள்ளும் புகுந்து இறுகிவிடும் என்று பிரித்தானியர் முறையிட்டதாகச் சொல்வார்கள். பூட்டைக் கைவிட்டதற்கு விலை ஒரு காரணமென்றால் சேறு இன்னொன்று. அடுத்து வந்த இரண்டு பூட்டு .455கள் பல்லாயிரக்கணக்கில் கடல் தாண்டின. என்னுடையது அவற்றில் ஒன்று. அதன் பக்கத்தில் அரச உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்பு முத்திரை இருக்கிறது. சேவையிலிருந்து விற்றுத் தள்ளும்போது, இரண்டு அம்புகளை நுனியோடு நுனி மோதவிட்டு இன்னொரு முத்திரை அடிப்பார்கள். அதுவும் இருக்கிறது.

1917இல் அமெரிக்காவே போரில் இறங்கியது. இதே சட்டகத்தில் தன் இராணுவத்துக்கு சுமார் 163,000 செய்வித்துக்கொண்டது. அது ஏராளம், சேகரிப்பாளர் பேச்சில் அதிகம் இடம்பிடிப்பதில்லை.

பிரித்தானியா கழித்துவிட்ட .455கள் இரண்டாம் போருக்குப் பின்னர் உபரியாக அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பின. இங்கே அந்த ரவை சுலபமாகக் கிடைக்காது. ஆனால் மாடுமேய்ப்பர் படங்களில் வரும் .45 கோல்ட் ரவை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆகவே பட்டறைக்காரர்கள் உருளைகளைக் கடைந்து .45 கோல்ட் போகும்படி செய்து விற்றார்கள். அப்போது அது புத்திசாலித்தனம். வாங்கியவனுக்குச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். தொழிற்சாலையிலேயே .45 கோல்ட் ரவைக்கென்று செய்யப்பட்ட மூன்று பூட்டு ரிவோல்வர்கள் மிகச் சொற்பம். அப்படியொன்று கிடைத்தால் அது புதையல். மூன்று பூட்டு .455 ஒன்றைப் பட்டறையில் கடைந்து .45 கோல்ட் ஆக்கியிருந்தால் அது கெடுக்கப்பட்ட துவக்கு. இரண்டும் ஒரே ஊரில், ஒரே வருடங்களில், ஒரே கைகளால் செய்யப்பட்டவை. இரண்டுக்குள்ளும் ஒரே ரவை போகும். அனுபவசாலிகள் முத்திரைகளையும், இலக்கம் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதையும், உருளைத் துளைகள் கடைந்த விதத்தையும் பார்ப்பார்கள். பழைய முத்திரையை அராவி அழித்த தடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார்கள். ஆனால் கடைசித் தீர்ப்பு துவக்கில் இல்லை. அது ஒரு பேரேட்டில் இருக்கிறது.

ஸ்மித் அன்ட் வெசன் தன் அனுப்புகைப் பதிவுகளைத் தூக்கி எறியவில்லை. ஒரு துவக்கின் இலக்கத்தையும் விவரத்தையும் எழுதி, கட்டணமும் அனுப்பினால், அது எந்தத் திகதியில், எந்த நீளக் குழலோடு, எந்த மேற்பூச்சோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வரும். நிறுவனத்தின் வரலாற்றாசிரியராகப் பணியாற்றிய ரோய் ஜிங்க்ஸ் பல்லாண்டுகளாக எழுதிய கடிதங்கள் இன்று துவக்கோடு சேர்த்து விற்கப்படுகின்றன. கடிதம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு.

அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் ஏமாற்றம் தருபவை. பெறுநர் என்ற இடத்தில் ஒரு மொத்த வியாபாரியின் பெயர் இருக்கும். அத்தோடு தடம் முடிந்துவிடும். அந்த வியாபாரியிடம் யார் வாங்கினார், எதற்கு வாங்கினார், அது யாரை நோக்கி நீண்டது, ஒன்றும் இராது. நண்பர் இதுபற்றிக் கவலைப்பட்டதில்லை. அவருக்குத் திகதி போதும். எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு கடிதமும் கதை தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது என்று ஒருமுறை சொன்னேன். "அதனால்தான் எனக்கு நித்திரை வருகிறது" என்றார்.

தாளையே துவக்கோடு சேர்த்து விற்ற ஒரு காலமும் உண்டு. 1935இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், இந்நிறுவனம் .357 மக்னம் ரவைக்காகப் பெரிய சட்டக ரிவோல்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. விலை 60 டொலர். குழலின் நீளத்தை மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் வரை கால் அங்குலக் கணக்கில் தெரிவு செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் பதிவிலக்கமும் உரிமையாளரின் பெயரில் சான்றிதழும் உண்டு. முதலாவது எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. தளபதி ஜோர்ஜ் பாட்டன் ஹவாயில் இருந்தபோது ஒன்று வாங்கித் தந்தப் பிடி போட்டுக்கொண்டார். வசதியானவர்களின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார்கள். ஆனால் ஓர்டர்கள் குவிந்தன. ஒவ்வொன்றாக அளவெடுத்துச் செய்து, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் எழுதி மாளவில்லை. சுமார் 5,500 செய்த பிறகு பதிவு முறையைக் கைவிட்டார்கள். இன்று துவக்கு மட்டும் கிடைத்தால் ஒரு மகிழ்ச்சி, சான்றிதழும் சேர்ந்து கிடைத்தால் ஊரைக் கூட்டிக் காட்டுவார்கள். 1971இல் 'டேர்ட்டி ஹரி' படம் வந்து .44 மக்னத்துக்குத் தட்டுப்பாடு உண்டாக்கியதும் ஒரு அரிதுதான். ஆனால் அது சினிமாவால் வந்த அரிது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை.

இந்தப் பொழுதுபோக்கு எல்லா நாட்டிலும் சாத்தியமானதல்ல. இங்கே ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட துவக்குகளைச் சேகரிக்க மத்திய அரசின் தனி உரிமம் உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டொலர். வாங்கியதையும் விற்றதையும் கட்டிய பேரேட்டில் எழுதிவைக்க வேண்டும். மாநில உரிமம் வேறு. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்களிடையே கைத்துப்பாக்கி வாங்கல் விற்றல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் 1997இலேயே கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்துவிட்டார்கள். டொரன்டோவில் இருக்கும் என் மச்சானுக்கு அந்தச் சட்டத்தில் முழுத் திருப்தி. எனக்கும் அதை எதிர்த்து வாதாட மனமில்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் துவக்கால் சாகிறவர்களின் தொகையைத் தெரிந்துகொண்டே பேரேடு எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பரந்தனுக்கு உள்ளே அம்மப்பாவுக்கு வயல் இருந்தது. பன்றிக் காவலுக்கு உரிமத்தோடு ஒரு ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருந்தார். வருடா வருடம் கச்சேரிக்குப் போய் உரிமத்தைப் புதுப்பிப்பது அவருக்கு ஒரு சின்னத் திருவிழா. அன்றைக்கு வேட்டி வெளுத்திருக்கும். 1985இல், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஓர் இரவு பொடியள் நாலு பேர் வந்தார்கள். "ஐயா, சாமானைத் தாங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். துண்டு எழுதித் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. துவக்கு போனது. இரும்புப் பெட்டிக்குள் உரிமம் மட்டும் மிஞ்சியது. அதன்பின் நடந்த இடப்பெயர்வுகள் எல்லாவற்றிலும் காணி உறுதியோடு ஒன்றாகச் சுற்றப்பட்டு அந்தத் தாளும் வந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. துவக்கின் இலக்கம் நீல மையில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த நாலு பேரில் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது.

நண்பரின் குறிப்பேடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றிமுடித்த வாரம், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பொய் வரி தேவைப்பட்டது. யோசிக்காமல் அந்த இலக்கத்தை அடித்தேன். செய்தவர், அனுப்பிய திகதி, பெறுநர் என்று ஒவ்வொரு கட்டமும் வெறுமையாக இருக்க, நிரப்பியே ஆகவேண்டும் என்று திரை சிவப்பில் காட்டியது. அந்தக் கட்டாயத்தை நானே எழுதியிருந்தேன். அதை நீக்கிவிட்டுச் சேமித்தேன்.

சில நாள் கழித்து நண்பர் பார்த்துவிட்டார். இது எந்த ரிவோல்வர் என்று கேட்டார். ரிவோல்வர் இல்லை, என் தாத்தாவின் துவக்கு என்றேன். அழித்துவிடவா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்த வரியைப் பார்த்தார்.

"கிடக்கட்டும்," என்றார். "குழலின் நீளம் உனக்கு நினைவிருந்தால் அதையாவது போட்டு வை."

எட்டு வயதில் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அதை அங்குலத்தில் எப்படிப் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.