யாருடா அந்த போர்ட்ல? சுவிட்ச் காவல் காத்த கதை

எங்க ஊர் கடமலைக்குண்டு. நான் பள்ளிக்கூடம் படிச்சப்போ எங்க தெருவுல ஒருத்தர் கேபிள் டிவி ஒயரை நடுவுல சீவி, பணம் கட்டாம லைன் எடுத்திருந்தார். கடைசி வீட்டுல படம் புள்ளி புள்ளியா ஆனதும் கேபிள்கார அண்ணன் ஏணியோட வந்து, ஒயரைப் பார்த்துக்கிட்டே நடந்தார். நாலாவது வீட்டுல ஆள் சிக்கிட்டார்.

ஆபீஸ் நெட்வொர்க்கும் இப்படித்தான் தொடங்குச்சு. 1973ல ஜெராக்ஸோட ஆய்வகத்துல பாப் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினப்போ, எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே கேபிள். பின்னாடி வந்த தடிமனான கேபிள்ல ஊசி இறக்கி இணைப்பு எடுக்கிற கருவிக்கு 'வேம்பயர் டேப்'னு பேரு. ரத்தக்காட்டேரி! நம்ம ஊர்ல சொன்னா கொக்கி. கொக்கி போட்டது யாருன்னு கேபிளுக்குத் தெரியாது.

1990ல கல்பனாங்கிற கம்பெனி முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய வம்சாவளியான வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் ரெண்டு பேரும் தொடங்கின கம்பெனி. பரத்வாஜோட மனைவி பேரைத்தான் வெச்சாங்க. 1994ல சிஸ்கோ அதை வாங்கிடுச்சு. சுவிட்ச், எந்த போர்ட்ல எந்த மேக் அட்ரஸ் பேசுதுன்னு ஒரு பட்டியல் வெச்சுக்கும். அந்தப் பட்டியலை வெச்சே காவல் போடலாம்னு வந்ததுதான் போர்ட் செக்யூரிட்டி. 'இந்த போர்ட்ல இந்த ஒரு மெஷின்தான்'னு சொல்லிட்டா, வேற முகவரி வந்ததும் போர்ட்டை மூடிட்டு அட்மினுக்குத் தகவல் அனுப்பும்.

என் முதல் வேலையில இந்தக் காவல் இல்ல. ஒரு நாள் ஃப்ளோர் முழுக்க நெட் போச்சு. கூட்டிப் பெருக்குற அக்கா ஒயரைத் தட்டிவிட்டுட்டாங்கன்னு மேனேஜர் கத்தினார். அவங்க ஒண்ணுமே பேசல. மத்தியானம் சுவிட்ச் பட்டியலைத் தேடிப் பார்த்தா, மீட்டிங் ரூம் போர்ட்ல யாரோ சொந்த வைஃபை ரவுட்டரைச் சொருகியிருக்காங்க. அது எல்லாருக்கும் தப்பு ஐபி கொடுத்துட்டு இருந்துச்சு. அந்த அக்காகிட்ட யாரும் மன்னிப்புக் கேட்கல. நானும்தான்.

மேக் அட்ரஸை மாத்த ஒரு கமாண்ட் போதும்ங்கிறது அதுக்கு ரொம்ப முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். அதனால 2001ல 802.1எக்ஸ் தரநிலை வந்துச்சு. முதல்ல அடையாளத்தைக் காட்டு, அப்புறம்தான் போர்ட் திறக்கும். ஆனா பழைய பிரிண்டர், கேமராவுக்கெல்லாம் அடையாளம் காட்டத் தெரியாது. அதுக்கு விலக்குப் பட்டியல் போடுவாங்க. ஓட்டை அங்கதான் விழும்.

நாசாவோட ஜேபிஎல் கதையைக் கேளுங்க. அனுமதி இல்லாம நெட்வொர்க்ல மாட்டியிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. உள்ளங்கை அளவுதான். அது வழியா ஒருத்தன் உள்ள புகுந்து, 23 ஃபைல்ல சுமார் 500 எம்பி டேட்டாவை எடுத்துட்டான். கிட்டத்தட்ட 10 மாசம் யாருக்கும் தெரியல. 2018 ஏப்ரல்லதான் கண்டுபிடிச்சாங்க. 2019 ஜூன்ல வந்த தணிக்கை அறிக்கையில எனக்கு வலிச்ச இடம்: கருவிகளைப் பதிவு பண்ற டேட்டாபேஸே முழுசா இல்ல. அது சில நேரம் வேலை செய்யாது, அப்புறம் பதிஞ்சுக்கலாம்னு விட்டு மறந்துடுவோம்னு ஒரு அட்மினே சொல்லியிருக்கார். என்னென்ன இருக்குன்னு பட்டியல் இல்லாதப்போ, புதுசு எதுன்னு எப்படிச் சொல்றது?

நம்ம பக்கம் கூடங்குளம். 2019 அக்டோபர் 29ல அணுமின் நிலையம் சைபர் தாக்குதல் எல்லாம் சாத்தியமே இல்லன்னு மறுத்துச்சு. மறுநாளே அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மைதான்னு ஒத்துக்கிச்சு. இணையத்தோட இணைஞ்ச நிர்வாக நெட்வொர்க்ல இருந்த ஒரு பயனரோட பிசி, முக்கியமான உள் நெட்வொர்க் தனியா இருக்குன்னாங்க. அந்தப் பிரிப்புதான் காப்பாத்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா போர்ட் காவல் 'நீ யாரு'ன்னுதான் கேட்கும். பையில என்ன இருக்குன்னு பார்க்காது. செப்டம்பர் 4ஆம் தேதியே இதைக் கவனிச்சுச் சொன்னதும் வெளியில இருந்த செர்ட்-இன்தான்.