இளையோர் குடியும் மருத்துவரின் வினாவும்

ஒருவர் மது அருந்துகிறாரா என்பதை அறிய மருத்துவரிடமுள்ள எளிய கருவி வினாவேயாகும். ஆயினும், எதை வினவுவது, எவ்வாறு வினவுவது என்பவை எளிதில் தெளிந்தவை அல்ல. அதற்கென ஒரு வரலாறே உண்டு.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஜான் யூவிங் என்னும் மருத்துவர் நான்கு வினாக்களை வகுத்தார். குடியைக் குறைக்க வேண்டும் என்று எண்ணியதுண்டா? பிறர் குறை கூறியபோது எரிச்சல் கொண்டதுண்டா? குடித்ததற்காக மனம் உறுத்தியதுண்டா? காலையில் எழுந்தவுடன் குடித்ததுண்டா? பின்னர் உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து பத்து வினாக்களை அமைத்தது. இவை யாவும் வயது வந்தோரை மனத்திற்கொண்டு எழுந்தவை. பதினைந்து வயதுச் சிறுவன் விடியற்காலையில் மதுவைத் தேடுவது அரிது. குடித்த நண்பன் ஓட்டும் காரில் ஏறி அவன் உயிரிழப்பதோ அரிதன்று.

இந்த வேற்றுமையை உணர்ந்து பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் நைட்டும் அவர்தம் குழுவினரும் 1999இல் இளையோருக்கென ஆறு வினாக்களை வெளியிட்டனர். அவற்றுள் முதலாவது அந்தக் காரைப் பற்றியதே. தனிமையில் குடிப்பது, செய்ததை மறப்பது, தொல்லையில் சிக்குவது முதலியன ஏனைய வினாக்களில் இடம்பெற்றன. இரண்டிற்கு 'ஆம்' என்று விடை வந்தால் மேலும் ஆராய்தல் வேண்டும் என்பது விதி.

வினா கிடைத்தும் இடர் தீரவில்லை. மருத்துவருக்கு நேரம் குறைவு. அருகில் தாய் அமர்ந்திருக்க, மகன் உண்மையை உரைப்பானா? இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வந்தது. நியூ இங்கிலாந்திலும் பிராகு நகரிலும் 12 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியாயிற்று. இளையோர் மருத்துவரைக் காணுமுன் திரையில் விடையளித்தனர். மதுவின் தீமைகளையும் அதிலேயே படித்தனர். விடைகளைக் கண்ட மருத்துவர் சில நிமிடம் அறிவுரை கூறினார். மூன்று திங்களுக்குப்பின் நியூ இங்கிலாந்தில், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 22.9 பேர் குடித்திருந்தனர். புதிய முறையில் 15.5 பேரே. பிராகிலோ மதுவில் மாற்றமில்லை. கஞ்சாப் பழக்கமே குறைந்தது.

ஒரே கருவி ஈரிடத்தில் இருவேறு பயன் தந்ததை நாம் கருதுதல் வேண்டும். திரை வினவும், கூசாமல் விடையளிக்க இடந்தரும். அந்தந்த ஊரின் பழக்கத்தை அறிந்து, இளைஞனை இகழாது பேசும் பொறுப்பு மருத்துவருடையது. அதனை எப்பொறியிடமும் நாம் ஒப்படைத்தல் இயலாது.