கலசத்து வெள்ளி ரூபாய்கள்

வரலக்ஷ்மி நோன்புக் கலசத்தில் போட அம்மா 11 வெள்ளி ரூபாய்கள் வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பின் அவை ஹிஞ்சேவாடியில் நாங்கள் இருக்கும் பிள்ளை அகத்துக்கு வந்தன. உருக்கிக் குங்குமச் சிமிழ் பண்ணலாம் என்றாள் மாட்டுப்பெண். அதற்குமுன் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முன்பு புனே பக்கம் அங்குச முத்திரையிட்ட அங்குசி ரூபாய் புழங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. யுத்த காலத்தில், 1940-ல், வெள்ளி பாதியாயிற்று. 1947-ல் வெறும் நிக்கல்!

1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னர் அங்கியிலிருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி போல் இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. பெரும்பாலானவை உருக்கப்பட்டன, 1912-ல் யானையைத் திருத்தினார்கள். எங்களிடம் ஒரு 1911 இருக்கிறது!

ஆனால் வருஷா வருஷம் அம்மாவும் பிறகு நாங்களும் புளி போட்டுத் தேய்த்ததில் யானை மழுங்கிவிட்டது. சேகரிப்பவர்கள் தேய்மானத்தைப் பார்த்தே தரம் பிரிக்கிறார்கள். இயல்பாகக் கறுத்த காசுக்கு உள்ள மதிப்பு, தேய்த்துப் பளபளப்பாக்கியதற்குக் கிடையாது.

உங்கள் அகத்திலும் இருந்தால் தேய்க்காதீர்கள். உருக்கக் கொடுக்குமுன் வருஷத்தைப் பாருங்கள். நூறு வருஷம் தாண்டியவற்றை, 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை உண்டு. வெளிநாட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் கவனிக்கவும்.

சிமிழ் யோசனை கைவிடப்பட்டது. அடுத்த நோன்புக்கும் 11 ரூபாயும் கலசத்தில்தான், புளி படாமல்.