முனையப் பெட்டியும் பகிர்மானப் பெட்டியும்

முனையப் பெட்டி, பகிர்மானப் பெட்டி ஆகிய இரண்டும் தொலைத்தொடர்புக் கேபிள்களை இணைத்துப் பாதுகாக்கும் கூடுகள். கேபிள் தன் பயணத்தை முடித்துக் கருவியோடு சேரும் இடத்தில் இருப்பது முனையப் பெட்டி. ஒரு கேபிளில் வந்தது பல வீடுகளுக்குப் பிரிந்து போகும் இடத்தில் இருப்பது பகிர்மானப் பெட்டி. கடைகளில் ஒரே பெட்டி இரு பெயரிலும் விற்கப்படுவதுண்டு. அதனால் மேலே ஒட்டிய பெயரை நம்பாமல், மூடியைத் திறந்து உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்து வகைப்படுத்துவதே சரி.

செப்புக் கம்பித் தொலைபேசியிலேயே இந்தப் பிரிவு இருந்தது. இணைப்பகத்திலிருந்து புறப்பட்ட தடித்த நிலத்தடிக் கேபிள், தெருவோரக் கேபினட், பில்லர் வழியாகக் கிளை பிரிந்து, கம்பத்திலோ சுவரிலோ இருந்த பெட்டிக்கு வரும். இந்தியாவில் ஊழியர்கள் ‘டிபி பாக்ஸ்’ என்று அழைத்த இது பெரும்பாலும் 10 இணைக் கம்பிகள் கொண்ட பகிர்மானப் பெட்டி. அங்கிருந்து வீட்டுக்கு வந்த கம்பி, சுவரில் பொருத்திய ரோசெட் என்ற சிறு முனையப் பெட்டியில் முடிந்தது.

ஒளியிழை வந்தபின் பகிர்மானப் பெட்டியின் பொறுப்பு கூடியது. செப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பகம் வரை தனிக் கம்பி உண்டு. ஜிபான் என்னும் ஒளியிழை முறையில் ஓர் இழையின் ஒளியையே பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கிடுவது ஸ்ப்லிட்டர், அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் குறையும். எட்டாகப் பிரித்தால் கணக்குப்படி 9, நடைமுறையில் ஏறக்குறைய 10.5 டெசிபெல் இழப்பு. ஜிபானில் பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகுப்பில் முழுப் பாதைக்கும் அனுமதிக்கப்பட்ட இழப்பு 28 டெசிபெல்தான். எனவே எந்தப் பெட்டியில் எத்தனை பங்கு என்பதைத் திட்டமிடும்போதே முடிவுசெய்ய வேண்டும். ஆள் கேட்டபோதெல்லாம் இன்னொரு ஸ்ப்லிட்டரைச் சேர்ப்பது அதன் வழியே இணைப்புப் பெறும் எல்லோரையும் பாதிக்கும்.

முனையப் பெட்டியில் பங்கீடு இல்லை. வரும் இழையோடு, ஒரு முனையில் இணைப்பி கொண்ட சிறு இழையான பிக்டெயிலை உருக்கி ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தட்டில் பத்திரப்படுத்தி, அடாப்டர் வழியாகப் பேட்ச் கார்டுக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. வீட்டுச் சுவரில் இருப்பதற்கு ஒன்று முதல் நான்கு வாய்கள் இருக்கும். அலுவலக ரேக்கில் 12 அல்லது 24 வாய்கள் கொண்ட முனையப் பெட்டிகளும் உண்டு. வாய்களின் எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முயல்வது தவறாகவே முடியும்.

வீட்டுப் பெட்டியின் சிறுமை ஒரு சிக்கலைத் தருகிறது. வழக்கமான ஜி.652 இழையை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைப்பது நல்லதல்ல. உள்ளங்கையளவு பெட்டிக்குள் அதைச் சுற்றிவைப்பது கடினம். 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும் ஜி.657.ஏ2 இழை இங்கே பயன்படுவது அதனால்தான். இணைப்பியின் நிறமும் முக்கியம். பச்சை நிற எஸ்சி ஏபிசி இணைப்பியின் முகம் 8 பாகை சாய்த்துத் தீட்டப்பட்டது. நீல நிற யுபிசிக்குச் சாய்வு இல்லை. இரண்டும் ஒரே அடாப்டரில் பொருந்திவிடும், ஆனால் முகங்கள் சேராமல் ஒளி வீணாகும்.

பகிர்மானப் பெட்டி வெயிலிலும் மழையிலும் நிற்பது. தூசியையும் பீய்ச்சும் நீரையும் தடுக்கும் ஐபி65 தரம் அதற்கு வழக்கம். கேபிள்கள் அடிப்பக்கமாக நுழைந்தால் மழைநீர் அவற்றின் வழியே உள்ளே வழியாது. பூட்டும் அவசியம். வீட்டுக்குள் இருக்கும் முனையப் பெட்டிக்கு இவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பழுது தேடும்போது இந்த வேறுபாடு நேரடியாக உதவுகிறது. ஒரே பெட்டியிலிருந்து இணைப்புப் பெற்ற எல்லா வீடுகளும் ஒன்றாக நின்றுபோனால், பகிர்மானப் பெட்டியையோ அதற்கு முந்தைய கேபிளையோ பார்க்க வேண்டும். ஒரு வீடு மட்டும் நின்றால் முதலில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைப் பகிர்மானப் பெட்டி, முனையப் பெட்டி ஆகிய இரு இடத்திலும் வைத்து ஒப்பிடலாம். இவற்றுக்கு இடையே ஓடும் சில நூறு மீட்டர் டிராப் கேபிளின் இழப்பு கால் டெசிபெலுக்கும் குறைவே. இழை ஒட்டிய இடமும் இணைப்பியும் சேர்ந்தாலும் ஏறத்தாழ 1 டெசிபெல் ஆகும். அளவு அதற்கு மேல் கணிசமாகச் சரிந்திருந்தால், இடையில் கேபிள் மடிந்திருக்கிறது, அல்லது முனையப் பெட்டியின் இணைப்பி அழுக்கடைந்திருக்கிறது.