எல்லைத் தமிழில் ஆங்கில வினைகள்

நெய்யாறு அரபிக்கடலில் கலக்கும் பூவாரிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வரை மும்மொழிகள் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டதால் பேச்சு நின்றுவிடவில்லை.

பஸ், டிக்கெட் போன்ற பெயர்ச்சொற்கள் எம்மொழியிலும் எளிதாகக் குடியேறும். வினைச்சொல் அப்படியன்று. காலம் காட்டுவதே வினையின் இயல்பு என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். வாசி, யோசி, தியானி என வடசொற்கள் இகரம் பெற்று, 'யோசித்தேன்' என்று தமிழ் வினையாகவே ஆகிவிட்டன. ஆங்கில வினைக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 'ட்ரை பண்ணினேன்' என்றுதான் சொல்கிறோம். காலமும் இடமும் 'பண்ணு'வில்தான் இருக்கின்றன.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்" என்றால் பொறுப்பு என்னுடையது. "பஸ் மிஸ் ஆயிடுச்சு" என்றால் பழி யார்மேலும் இல்லை! பொருளும் மாறும். 'அட்ஜஸ்ட்' ஆங்கிலத்தில் சரிப்படுத்துவது. நம் பஸ்ஸில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், நகர்ந்து இடம் கொடுங்க என்று அர்த்தம்.

திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. தெற்கே லண்டன் மிஷன் நாகர்கோவிலில் பள்ளி நடத்தியது. ஆகவே தமிழரும் மலையாளிகளும் ஒரே அரசின்கீழ் ஆங்கிலம் கற்றனர். ஆனால் மலையாளி 'ட்ரை செய்து' என்பார். 'பண்ணுக' என்ற சொல் அங்கே சபையில் சொல்லத்தகாத பொருளுக்குப் போய்விட்டது. எல்லையில் வளரும் நம் பிள்ளைகள் அச்சொல்லுக்குக் கூச்சப்படுவதில் வியப்பில்லை. 'செய்' என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். தமிழில் அதையே பயன்படுத்தலாமே.

உண்மையான கவலை வேறு. இன்றைய மலையாள வினைமுற்று இடமோ பாலோ காட்டாது. ஞான் போயி, அவன் போயி, அவள் போயி எல்லாம் ஒன்றே. தமிழிலோ போனேன், போனான், போனாள். பள்ளியில் மலையாளமே கேட்டு வளரும் பிள்ளைக்கு முதலில் நழுவக்கூடியது இந்த ஈறுதான். ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். ஈறு போனால் வாக்கியமே தமிழாக நிற்காது.

எனவே பெற்றோரே, பிள்ளை "மிஸ் பண்ணிட்டேன்" என்றால் கோபப்படாதீங்க. 'ஏன்' விகுதி இருக்கிறதா என்று கவனியுங்க. பிறகு நிதானமாகச் சொல்லிக்கொடுங்க: பஸ்ஸைத் தவறவிட்டேன், குறி தப்பிவிட்டது, ஊரிலிருக்கும் பாட்டியைத் தேடுது. ஆங்கிலத்தின் ஒரு வினைக்குத் தமிழில் மூன்று வினைகள் இருப்பது அவர்களுக்கும் தெரியட்டும்.