மணலும் சட்டாம்பிள்ளையும்: எழும்பூர்ப் பரிசோதனை பற்றிய ஒரு மறுபரிசீலனை

ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1789 முதல் 1796 வரை எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் நடத்திய கல்விப் பரிசோதனையை ஆராய்ந்தோருள் பலர், அதன் உயிர்நாடி முன்னே கற்ற பிள்ளை பிறருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையே என்றும், பிள்ளைகள் விரலால் எழுதிய மணற்பரப்பு காகிதச் செலவைக் குறைக்க வந்த சிக்கன சாதனமே என்றும் அபிப்பிராயம் கொண்டிருக்கின்றனர். உண்மை இதற்கு மாறானது என்பது என் துணிபு: மணலே மூலம், சட்டாம்பிள்ளை அதன் விளைவு.

இதற்கு ஆதாரம் பெல்லின் கூற்றே. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்ட அவர், விடுதியின் கீழ் வகுப்பிலும் அவ்வாறே கற்பிக்கும்படி உபாத்தியாயரைப் பணித்ததும், அது நடவாத காரியமென்று உபாத்தியாயர் கைவிரித்ததும், எட்டு வயதளவினனான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டு இனிது நிறைவேறியதும் அவ்வரலாற்றில் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. சிறுவனை நாட வேண்டிய அவசியம், பெரியவர் ஏற்க மறுத்த ஓர் உபகரணத்தைக் கைவிடப் பெல் இசையாமையினின்றே பிறந்தது.

இவ்வரலாற்றின் விரிவான வடிவம், இங்கிலாந்தில் இத்தகைய முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டரோடு, அதனை முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் மூண்ட பிற்காலத்து எழுத்துக்களில் காணப்படுவதால், அதனை எச்சரிக்கையோடு கையாளுதல் கடமையே. ஆயினும், அப்பூசலுக்கு முற்பட்ட, பெல்லின் 1797ஆம் வருஷத்துப் பிரசுரத்திலேயே மணலெழுத்து இடம்பெற்றிருக்கிறது. அன்றியும், பூசலுக்குரிய பொருள் சட்டாம்பிள்ளை முறையே ஆகையால், இந்நாட்டாரிடம் கற்ற மணலெழுத்தை முன்னிறுத்துவது பெல்லின் புகழைக் குறைக்குமேயன்றி வளர்க்காது. தம் பெருமைக்கு உதவாத விவரத்தை ஒருவர் வலிந்து புனைவது அரிது. ஃபிரிஸ்கனின் தனித்திறமையே வெற்றிக்குக் காரணம் என்பார் வாதத்தில் நெடிது நிற்க வேண்டுவதில்லை. ஒரு சிறுவனின் திறமையால் மட்டும் இம்முறை பின்னர் இங்கிலாந்தின் பள்ளிகள் வரை பரவியிருக்க இயலாது.

சிக்கனம் பொய்யன்று, ஆனால் அது பயனின் தொடக்கம் மட்டுமே. இறகுப் பேனாவும் காகிதமும் விலையுயர்ந்த பொருள்களாயிருந்த அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில், ஒவ்வொரு பிழையும் ஒரு நஷ்டமாகக் கருதப்பட்டமையால், வாசிப்பு தேறிய பின்னரே எழுத்து தொடங்குவது வழக்கமாயிருந்தது. மணலிலோ பிழை உள்ளங்கையால் தடவியதும் மறைந்துபோகிறது. ஆதலால் முதல் எழுத்தை அறியும் நாளிலேயே குழந்தை அதனை எழுதவும் தொடங்குகிறது. பிழைக்குச் செலவில்லாத இடத்தில் கண்காணிப்புக்குப் பெரியவரின் அதிகாரம் தேவைப்படுவதில்லை. சற்று முன்னே கற்ற மற்றொரு பிள்ளையே போதும். சட்டாம்பிள்ளை முறை அங்கே சாத்தியமானதன் ரகசியம் இதுவே என்று கொள்ளுதல் தகும்.

இம்முடிபு கடந்த காலத்தோடு நின்றுவிடுவதன்று. நம் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைந்துவரும் இந்நாளில், கருவியின் புதுமையையும் விலையையும் கொண்டே அதன் பயனை மதிப்பிடும் பழக்கம் வேரூன்றி வருகிறது. சுவரில் ஒளிரும் திரையைக் கைகட்டிப் பார்த்திருக்கும் வகுப்பு, எத்துணை நவீனமாயினும், எழும்பூர் மணலுக்குப் பின்தங்கியதே. ஒவ்வொரு குழந்தையின் விரலும் கருவியைத் தொடுகிறதா, பிழை அச்சமின்றி அழிகிறதா, கற்றவன் அடுத்தவனுக்குக் கற்பிக்க இடமிருக்கிறதா என்னும் மூன்று வினாக்களைக் கேட்ட பின்னரே எந்தக் கருவிக்கும் பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும்.