பம்பாய் வெங்காய விதைக்குப் பன்னிரண்டு நாள்

தம்புள்ளையிலிருந்து திருகோணமலை வீதியில் வந்து, இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியா. குன்றைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் செம்மண் வயல்களில் சிறுபோகத்தில் விளைவது பெரிய வெங்காயம். சந்தையில் அதற்குப் பம்பாய் வெங்காயம் என்றுதான் பெயர். இந்தியாவிலிருந்து வந்த விதையில் தொடங்கிய பயிர் இது. பின்னர் இங்கேயே தேர்ந்தெடுத்த ‘தம்புள்ளை சிவப்பு’ போன்ற இனங்களும் வந்தன. கிழங்கின் விலை உயர்ந்தாலும் விழுந்தாலும் பத்திரிகையில் செய்தியாகிறது. அதைப் பெற்றெடுக்கும் சின்னஞ்சிறு கறுப்பு விதையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

விதையின் பயணம் அதற்கு முந்திய போகத்தின் அறுவடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆவணி, புரட்டாதியில் கிண்டிய கிழங்குகளில் நிறமும் உருண்டையும் கழுத்து மெலிவும் பார்த்துத் தாய்க்கிழங்குகளை ஒதுக்குவார்கள். வெங்காயம் பூக்கக் குளிர் வேண்டும். தாழ்நிலத்துக் குளிர் அதற்குப் போதாது என்பதால், கிழங்கைச் சில வாரம் குளிரறையில் வைத்து நடுவதுண்டு. பெரும்போகத்தில் நட்டால் பூத்தண்டு எழும் காலத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். நனைந்த பூங்கொத்து அழுகும், தேனீயும் வராது. ஆகவே பாத்திக்கு மேலே பொலித்தீன் கூரை போடுகிறார்கள்.

தேனீ இல்லாமல் ஆகாது. வெங்காயப் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும், சூல்முடி பிறகே பக்குவமாகும். அதனால் ஒரு பூவின் மகரந்தம் வேறொரு பூவைத் தேடிப் போக வேண்டும். கருக்கட்டிய பூ மூன்று அறையுள்ள சிறு காயாகும். அறைக்கு இரண்டாக, எல்லாம் சரியாக அமைந்தால் ஆறு விதை. ஒரே கொத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. சில காய்கள் வெடித்துக் கறுப்புத் தெரியத் தொடங்கியதும் அந்தக் கொத்தை வெட்டி உலர்த்துகிறார்கள். முந்தினால் பிஞ்சு, பிந்தினால் விதை மண்ணில்.

அடித்து, தூற்றி, நீரில் போட்டு மிதப்பதைக் கழித்து, மூழ்கியதை உடனே எடுத்து உலர்த்துவார்கள். கிராம் ஒன்றுக்கு ஏறக்குறைய முந்நூறு விதை கிடைக்கும். இதற்குப் பிறகுதான் ஆபத்து அதிகம். மரக்கறி விதைகளில் மிகக் குறுகிய ஆயுள் கொண்டவற்றில் வெங்காயமும் ஒன்று. வெக்கையும் ஈரமுமான அறையில் பையைத் திறந்து வைத்தால் ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி செத்துவிடும். வெளியே பார்த்தால் செத்த விதையும் உயிருள்ள விதையும் ஒரே கறுப்பு. வாங்குகிறவர் கண்ணால் தரம் பிரிக்க வழியே இல்லை.

இந்தச் சிக்கலுக்குத்தான் முளைதிறன் சோதனை. ஜேர்மனியின் சக்சனியில் உள்ள தாராந்த் நகரில் 1869இல் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கியவர் பிரீட்ரிக் நொப்பே. சந்தையில் விற்ற விதையில் கலப்படமும் சொத்தையும் மலிந்திருந்தமையே காரணம். 1924இல் கேம்பிரிட்ஜில் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் உருவானது. அதன் விதிகள் ஒவ்வொரு பயிருக்கும் எத்தனை பாகை வெப்பம், எத்தனையாவது நாள் எண்ண வேண்டும் என்று வகுத்துள்ளன. இலங்கையில் விதைத் தரத்துக்கான சட்ட அடிப்படை 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைகள் சட்டம்.

மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடம் சேர்ந்த விதையில் நானூறை, நூறு நூறாக நான்கு பங்காக, ஈரக் கடதாசியிலோ மணலிலோ வைப்பார்கள். வெங்காயத்துக்கு வெப்பம் 15 அல்லது 20 பாகை செல்சியஸ். முதல் எண்ணிக்கை ஆறாம் நாள், கடைசி எண்ணிக்கை பன்னிரண்டாம் நாள். பயிருக்குப் பயிர் இது மாறும். சலாதுக்கு 7, வெள்ளரிக்கு 8, கோவாவுக்கு 10, தக்காளி, கத்தரி, மிளகாய், கரட், பாகலுக்கு 14, வெண்டிக்கு 21 நாள்.

மூன்றாம் நான்காம் நாளே வேர்நுனி எட்டிப் பார்க்கும்போது ஏன் பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டும்? ஈரத்துணியில் முடிந்து வைத்து, வெள்ளை நுனி தெரிந்ததும் எண்ணி முடிப்பது பலரது வழக்கம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. வேர் நீட்டிய எல்லாம் நாற்றாவதில்லை. வெங்காய நாற்று மண்ணை விட்டு வரும்போது முழங்காலை மடக்கியதுபோல் வளைந்து எழும். அந்த வளைவு தெளிவாக இருந்து, முதல் வேரும் நலமாக இருந்தால்தான் அது சரியான நாற்று. வளைவில்லாத, வேர் குன்றிய, அழுகிய நாற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வேறுபாடு மூன்றாம் நாளில் தெரியாது.

ஆறாம் நாள் எண்ணிக்கைக்கும் வேலை உண்டு. தேறிய நாற்றுகளை எடுத்துவிட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளாது, அழுகியவற்றை நீக்கினால் பூஞ்சணமும் பரவாது. விதையின் வேகத்தையும் அது காட்டும். இரண்டு விதைப்பைகள் பன்னிரண்டாம் நாள் 80 வீதம் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஆறாம் நாளிலேயே 65ஐத் தொட்டது, மற்றது 30இல் நின்றது. சான்றிதழில் இரண்டும் சமம். வெயிலும் மழையும் அடிக்கும் நாற்றுமேடையில் முதற்பையே முந்தும்.

பன்னிரண்டுக்குப் பிறகும் காத்திருக்கலாமா? கடைசி நாளில் சில விதைகள் அப்போதுதான் முளைவிடத் தொடங்கினால் ஏழு நாள் வரை நீட்ட விதி இடம் தருகிறது. புதிதாக அறுத்த விதையில் உறக்கம் மிச்சமிருக்கலாம், அதற்கு முதலில் குளிரூட்டி வைப்பார்கள். அதற்கு மேல் இழுப்பதில் பலனில்லை. மூன்று வாரம் கழித்து ஆய்வுகூடத்தில் எழும் நாற்று வயலில் பிழைப்பது அரிது.

சீகிரியாவில் நாட்காட்டியும் நெருக்குகிறது. பங்குனியை ஒட்டி விதை கைக்கு வரும். சிறுபோக நாற்றுமேடை சித்திரை, வைகாசியில். இந்தச் சிறு இடைவெளிக்குள் சோதனையை முடிக்க, விதைக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு நாள் எண்ணித் தொடங்க வேண்டும். வீட்டில் செய்பவர்கள் நூறு விதையை ஈரக் கடதாசியில் சுருட்டிப் பையிலிட்டு, தண்ணீர்ப் பானை அருகே போன்ற குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். சித்திரை வெக்கையில் திறந்த திண்ணையில் வைத்தால் நல்ல விதையும் குறைவாகவே முளைக்கும். நூறு விதையில் 80 வந்தால் உண்மை 72க்கும் 88க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். நானூறில் 80 வீதம் வந்தால் அந்த இடைவெளி 76க்கும் 84க்கும் சுருங்கும். முடிந்தால் நானூறு வையுங்கள்.

இந்தியச் சான்றளிப்பு விதிகளில் வெங்காய விதைக்குக் குறைந்தபட்ச முளைதிறன் 70 வீதம். அதற்குக் கீழே போன பையை அடர்த்தியாகத் தூவிச் சரிக்கட்ட முடியாது, ஏனெனில் முளைத்ததிலும் பல மெலிந்த நாற்றாகவே இருக்கும். கடையில் வாங்கினாலும் சொந்தப் பாத்தியில் எடுத்தாலும், பையைப் பிரித்தவுடன் சோதனைக்கு வையுங்கள். ஆறாம் நாள் ஒரு முறை, பன்னிரண்டாம் நாள் ஒரு முறை எண்ணுங்கள். அதற்கு முன் ஒரு விதையையும் மேடையில் தூவாதீர்கள்.